சீமையில் சுதந்திரம் படித்த வரகனேரி வக்கீல்

லண்டன் மாநகரின் வடபக்கத்தில் ஹைகேட் என்று ஒரு மேட்டுப் பகுதி. அங்கே குரோம்வெல் அவென்யூ என்ற தெருவில் 65-ம் எண் வீடு. 1905-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி அந்த வீட்டில் ஒரு மாணவர் விடுதி திறக்கப்பட்டது. அதற்கு 'இந்தியா ஹவுஸ்' என்று பெயர். சுமார் 25 பேர் தங்கலாம்.

பார்த்தால் சாதாரண விடுதிதான். ஆனால் சில வருடங்களில் ஸ்காட்லாந்து யார்டின் துப்பறியும் போலீசார் அந்தத் தெருவையே சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தார்கள். உள்ளே போகிறவர் யார், வருகிறவர் யார் என்று குறித்துக்கொண்டார்கள்.

அந்த விடுதியை ஏற்படுத்தியவர் சியாம்ஜி கிருஷ்ண வர்மா. குஜராத்தின் கச்சுப் பகுதியில் பிறந்த பாரிஸ்டர். பணக்காரர். இந்திய வாலிபர்கள் கடல் கடந்து போகவேண்டும், சுதந்திர நாடுகளில் ஆட்சி எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகத் தம் சொந்தப் பணத்தில் தலைக்கு ரூ.2,000 வீதம் உதவித்தொகை அறிவித்தார். அதில் ஒரு நிபந்தனை. பணம் பெறுகிறவர் ஆயுள் முழுவதும் வெள்ளைக்கார அரசாங்கத்தில் உத்தியோகம் பார்க்கக்கூடாது!

இன்று இளைஞர் குழுக்கள் அயல்நாட்டுக்குப் போய்ப் பார்லிமெண்டைப் பார்ப்பதும், அங்குள்ள இளைஞர்களோடு கைகோத்து வருவதும் பழகிப்போன சங்கதி. நூறு வருடங்களுக்கு முன் அப்படிப் போனவர்கள் பலர் ஊர் திரும்பவே முடியவில்லை. ஒருவர் வீட்டுக்கு வர 13 வருடம் ஆயிற்று. அவர் நம் தமிழ்நாட்டுக்காரர். திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர்.

வக்கீல் போனார்

ஐயர் பிறந்தது 1881-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி. முழுப்பெயர் வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். படிப்பில் புலி. வக்கீல் பரீட்சையில் தேறித் திருச்சிக் கோர்ட்டில் தொழில் தொடங்கினார். பிறகு ரங்கூனுக்குப் போனார். பாரிஸ்டர் பட்டம் வாங்கினால் வருமானம் பெருகும் என்று 1907-ல் அங்கிருந்து லண்டனுக்குப் புறப்பட்டார்.

சியாம்ஜியின் உதவித்தொகையில் போனவர் அல்ல அவர். சம்பாதிக்கும் எண்ணத்தோடு போனவர்தான். 'லிங்கன்ஸ் இன்' என்ற சட்டக் கழகத்தில் சேர்ந்தார். நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு இந்தியா ஹவுசுக்குள் நுழைந்த வாலிபர்கள் எத்தனையோ பேர். உள்ளே நுழைந்த ஐயர் அந்த வீட்டோடு ஒன்றிவிட்டார்.

அப்போது அங்கே தலைவராக இருந்தவர் மராட்டிய வாலிபர் சாவர்க்கர். ஸ்ரீரங்கத்து டாக்டர் தி.சே.சௌ. ராஜனும் அங்கே இருந்தார். பின்னாளில், 1937-ல், ராஜாஜி மந்திரிசபையில் மந்திரியானாரே, அதே ராஜன்தான்.

உலகம் அந்த நாளில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1906-ல் பாரசீக மக்கள் தங்கள் மன்னரிடமிருந்து ஒரு சட்டசபையை வாங்கிவிட்டார்கள். 1908-ல் துருக்கியில் 'இளந்துருக்கியர்' கிளம்பிச் சுல்தானைப் பணிய வைத்தார்கள். அயர்லாந்தும் எகிப்தும் சுயாட்சி கேட்டன. லண்டனில் இருந்த இந்திய வாலிபர்கள் அயர்லாந்துக்காரர்களோடும் எகிப்தியர்களோடும் சிநேகம் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் கூட்டத்துக்கு மற்றவர் போனார். ஒருவர் பத்திரிகையை மற்றவர் படித்தார்.

ஐயர் இவற்றையெல்லாம் தமிழில் எழுதி அனுப்பினார். பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகையில் அவருடைய லண்டன் கடிதங்கள் வந்தன. இத்தாலியை ஒன்றாக்கிய கரிபால்டியின் வரலாற்றையும் எழுதினார். பத்திரிகை வாசித்த நம்மூர் மக்களுக்கு அது பெரிய விருந்து. தாம் கண்டதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் ஊருக்குச் சொன்னாரே, அதுதான் அவர் பிரயாணத்தின் பெரிய பயன் என்று தோன்றுகிறது.

இந்தியா ஹவுசில் படித்தது சரித்திரம் மட்டும் அல்ல. துப்பாக்கி சுடவும் பழகினார்கள். 1909 ஜூலை 1-ந் தேதி, மதன்லால் திங்ரா என்ற பஞ்சாப் மாணவர் கர்சன் வைலி என்ற ஆங்கில அதிகாரியை லண்டனில் சுட்டுக் கொன்றார். திங்ரா தூக்கிலிடப்பட்டார். இந்தியா ஹவுஸ் மூடப்பட்டது.

அதே வருடம் அக்டோபரில் ஒரு விஜயதசமி விருந்து. அதற்குத் தலைமை வகித்தவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு பாரிஸ்டர். ராஜன் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். விருந்துக்குச் சமைக்கும் வேலையில் வாலிபர்கள் மும்முரமாக இருந்தார்களாம். மெலிந்த மனிதர் ஒருவர் வந்து, பேசாமல் பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிட்டாராம். அவரைக் கொண்டு வேலை வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அவரே அன்றைய தலைவர் காந்தி என்று!

காந்தி அந்த வாலிபர்களோடு வாதாடினார். ஆயுதத்தால் வரும் சுயராஜ்யம் சுயராஜ்யம் அல்ல என்பது அவர் கட்சி. தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும்போது கப்பலில் உட்கார்ந்து 'இந்திய சுயராஜ்யம்' என்ற நூலை எழுதினார். லண்டனில் சந்தித்த தீவிர வாலிபர்களுக்கு அதுவே அவர் பதில். ஐயர் அன்று மசியவில்லை.

வீர விக்ரம் சிங்

ஐயர் பாரிஸ்டர் பரீட்சையில் தேறிவிட்டார். பட்டம் வாங்கவேண்டுமானால் மன்னருக்கு ராஜவிசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும். மாட்டேன் என்றுவிட்டார். எந்தப் பட்டத்துக்காகக் கடல் கடந்தாரோ, அந்தப் பட்டமே வேண்டாம் என்றாகிவிட்டது!

1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். அடுத்து ஐயர்தான் என்பது தெரிந்துபோயிற்று. தாடி வளர்த்து, சீக்கியர் வேடத்தில் லண்டனைவிட்டு நழுவினார். வழியில் ஒரு துப்பறியும் ஆள் மடக்கினானாம். பெட்டியின் மேல் வி.வி.எஸ். என்று மூன்று ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. ஐயர் அசரவில்லை. அது தம் பெயர்தான் என்றும், தம் பெயர் வீர விக்ரம் சிங் என்றும் சொல்லித் தப்பினார் என்பது வழிவழியாக வரும் கதை.

பாரிசில் காமா அம்மையார் இருந்தார். 1907-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த சர்வதேச சோஷலிஸ்ட் மாநாட்டில் இந்தியக் கொடியை விரித்துக் காட்டிய பார்சி வீராங்கனை அவர். 1910 ஜூலை 8-ந் தேதி, சாவர்க்கரை ஏற்றிவந்த கப்பல் மார்செயில்ஸ் துறைமுகத்தில் நின்றது. சாவர்க்கர் கப்பலிலிருந்து கடலில் குதித்து நீந்திக் கரையேறினார். அவரை அழைத்துப்போகக் காமா அம்மையாரும் ஐயரும் மோட்டாரில் விரைந்தார்கள். போய்ச் சேருவதற்குள் அவர் மறுபடியும் பிடிபட்டுவிட்டார். சில நிமிடத் தாமதம்!

அதற்குப் பிறகு ஐயர் ஐரோப்பாவில் நிற்கவில்லை. முஸ்லிம் வேடம் பூண்டார். துருக்கி, கொழும்பு வழியாகப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அந்த வருடமே வந்து சேர்ந்தார். வரகனேரி கூப்பிடு தூரத்தில். போக முடியாது. எல்லையைத் தாண்டினால் கைவிலங்கு.

புதுச்சேரியில் பாரதியார் இருந்தார். அரவிந்தர் இருந்தார். தெருவெல்லாம் ஒற்றர்கள். 1911 ஜூன் 17-ந் தேதி, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றபோது, வாஞ்சிக்குத் துப்பாக்கி சுடக் கற்றுத் தந்தவர் ஐயர்தான் என்று போலீசார் கருதினார்கள். 1914-ல் உலக யுத்தம் மூண்டது. புதுச்சேரியில் இருந்த தேசபக்தர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடப் பார்த்தார்கள். அவர்கள் அசைந்து கொடுக்கவில்லை.

மறைந்து வாழ்ந்த அந்தப் பத்து வருடத்தில் ஐயர் சோம்பியிருக்கவில்லை. திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 'குளத்தங்கரை அரசமரம்' என்ற கதையை எழுதினார். தமிழ்ச் சிறுகதை என்று பேச்சு வந்தாலே இன்றும் அந்தக் கதையில்தான் தொடங்குகிறார்கள். ஆயுத வழியில் இருந்த நம்பிக்கை மெல்ல மெல்லக் குறைந்தது. 1909-ல் மசியாதவர், காந்தியின் வழிக்கு வந்துவிட்டார்.

யுத்தம் முடிந்து பொதுமன்னிப்பு வந்ததும், 1920-ல் ஐயர் வெளியே வந்தார். திரு.வி.க. நடத்திய 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். அதில் வந்த ஒரு கட்டுரைக்காக ராஜத்துரோக வழக்கு. ஒன்பது மாதம் பல்லாரிச் சிறை. அங்கேதான் கம்பனைப் பற்றிய ஆங்கில ஆராய்ச்சி நூலை எழுதினார்.

இரண்டு பிள்ளைகள்

தாம்பரத்தில் ரயிலேறித் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் போகும் குடும்பங்கள் சேரன்மாதேவி ஸ்டேஷனைக் கடந்திருப்பார்கள். தாமிரபரணிக் கரையூர். அந்த ஊரின் பெயர் 1925-ல் தமிழ்நாடு முழுவதும் அடிபட்டது.

ஐயர் ஒரு பள்ளி நடத்த விரும்பினார். வெள்ளைக்காரன் படிப்பு வேண்டாம். பிள்ளைகள் தமிழில் படிக்கவேண்டும். கைத்தொழில் பழகவேண்டும். உடம்பைத் தேற்றவேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் வளரவேண்டும். 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்த இந்தக் குருகுலம், பிறகு சேரன்மாதேவிக்கு மாறியது. தமிழ்நாடு காங்கிரஸ் ரூ.10 ஆயிரம் தர ஒப்புக்கொண்டது. அதில் ரூ.5 ஆயிரம் கைக்கு வந்துவிட்டது.

அப்போது இரண்டு பிராமணப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு நிபந்தனை போட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வேண்டும் என்றார்கள். ஐயர் இணங்கினார்.

ஐயருக்குத் தம்மளவில் பந்தி பேதம் கிடையாது என்று அவரோடு பழகியவர்கள் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை தனியே உட்கார்ந்து சாப்பிட்டால், வெளியே நிற்கும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்? ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்த மாணவன். சாப்பாடு மட்டும் அல்ல, தண்ணீர்ப் பானையிலும் பேதம் என்று புகார் கிளம்பியது.

காங்கிரசின் செயலாளராக இருந்த ஈ.வெ. ராமசாமி கொதித்தார். டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' பத்திரிகையில் எழுதினார். மீதிப் பணம் தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். 1925 மார்ச்சில் காந்தி தமிழ்நாட்டுக்கு வந்தபோது வழக்கு அவரிடம் போயிற்று. ஏற்கெனவே வாக்குக் கொடுத்துச் சேர்த்த இரண்டு பேர் போகட்டும், இனிமேல் இப்படிச் சேர்க்கக்கூடாது என்று அவர் யோசனை சொன்னார். ஒருவருக்கும் திருப்தி இல்லை.

ஏப்ரலில் திருச்சியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி கூடியது. தேசியக் காரியத்தில் பிறப்பினால் உயர்வு தாழ்வு கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அதை எதிர்த்து ராஜாஜியும் சிலரும் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். அதே வருடம் நவம்பரில், வகுப்புரிமைத் தகராறில், ஈ.வெ. ராமசாமி காங்கிரசைவிட்டே வெளியேறினார்.

ஐயர் ஏன் இணங்கினார்? மன்னருக்குப் பிரமாணம் செய்யமாட்டேன் என்று பாரிஸ்டர் பட்டத்தை உதறியவர், இரண்டு பெற்றோர் கேட்டதற்கு ஏன் தலையசைத்தார்? கொடுத்த வாக்கை மீறக்கூடாது என்ற பிடிவாதம் ஒரு காரணமாக இருக்கலாம். நாள் போகப் போகப் பேதம் தானே மறையும் என்று எண்ணியும் இருக்கலாம். எதுவானாலும் பொறுத்தது தவறு என்றே இந்த எழுத்தாளருக்குப் படுகிறது. அவர் லண்டனில் யார் யாரோடோ ஒன்றாய் உட்கார்ந்து உண்டவர். நாளைய காந்தியே பாத்திரம் கழுவிய பந்தியில் இருந்தவர்.

1925 ஜூன் தொடக்கம். சண்டையின் புழுதி அடங்கவில்லை. ஐயர் குருகுலப் பிள்ளைகளோடு பாபநாசம் அருவிக்குப் போனார். மகள் சுபத்திராவும் கூட வந்தாள். ஓடும் நீரைத் தாண்டும்போது சிறுமி கால் தவறி விழுந்துவிட்டாள். ஐயர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மகளைப் பிடிக்க அருவிச் சுழலில் குதித்தார். இருவரையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அப்போது ஐயருக்கு வயது 44.