மதுவிலக்குக்கு உழைத்த மூதறிஞர் ராஜாஜி

குடி குடியைக் கெடுக்கும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அவ்வுண்மையைச் சட்டமாகவே ஆக்கிக் காட்டியவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். இந்தியாவின் கவர்னர் ஜெனரல், பாரத ரத்னா, சிறந்த எழுத்தாளர் என்றெல்லாம் அவரை நாம் அறிவோம். காவேரிப்பாக்கத்தாராகிய நாம் அவரை நன்றியுடன் நினைக்க இன்னொரு காரணமும் உண்டு.

ராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி பயின்று, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திப் பெரும் பொருள் ஈட்டினார். சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டதும் அத்தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் சிறைப்பட்டு, நமக்கு அருகிலுள்ள வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் இருந்தார்.

1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். ஏழைகளுக்கு நூற்பும் நெசவும் வருமானம் தந்தன. ஆனால் உழைத்துப் பெற்ற கூலி வீடு வந்து சேருமுன் கள்ளுக்கடையில் கரைந்தால், வருமானம் கூடி என்ன பயன்? ஆகவே 1929-இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற மாத இதழைத் தொடங்கினார். இளைஞராயிருந்த கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார்.

1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் ஜில்லாவில் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. அரசாங்கத்துக்கு அக்கடைகளால் பெரும் வருமானம் வந்துகொண்டிருந்தது. அதை இழக்கலாமா என்று பலர் கேட்டனர். ஏழையின் கண்ணீரில் வரும் பணம் வேண்டாமென்று கருதிய ராஜாஜி, நஷ்டத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1938-இல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களிலும், 1939 அக்டோபர் 1 முதல் நம் வட ஆற்காடு ஜில்லாவிலும் மதுவிலக்கு வந்தது. தோல் பதனிடும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியோடு காவேரிப்பாக்கமும் அதில் அடங்கிற்று. அதே மாதம் அவர் மந்திரிசபை பதவி விலகியது. போர்க்காலத்தில் நின்றுபோன மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது.

கடையை மூடினால் போதுமா, குடிப்பவன் மாறுவானா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. இன்றைய மருத்துவம் இதற்குத் தரும் விளக்கத்தை நாம் அறிவது நல்லது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவரின் மூளை மதுவுக்குப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் வராது. இரண்டு மூன்று நாட்களில் சிலருக்கு வலிப்பும் சித்தப் பிரமையும் வருவதுண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் அத்தகையோர் மருத்துவர் மேற்பார்வையில்தான் குடியை நிறுத்த வேண்டும். மருந்துடன் 'பி1' வைட்டமினும் கொடுப்பார்கள்.

அந்த நாட்களைக் கடந்தால் உடல் நன்றியுடன் நடந்துகொள்கிறது. பசி திரும்புகிறது. சில வாரங்களில் இரத்த அழுத்தம் தணிகிறது. ஈரலில் சேர்ந்த கொழுப்பு குறைகிறது. ஆனால் முற்றிலும் சுருங்கித் தழும்பேறிய ஈரல் பழைய நிலையை அடைவதில்லை. எனவே காலந்தாழ்த்தாமல் நிறுத்துவதே நன்று. மனம் தேற இன்னும் அதிக நாளாகும். எரிச்சல், சோர்வு, உறக்கக் குறைவு சில மாதங்கள் வரை நீடிக்கலாம். பிறகு ஞாபகமும் கவனமும் சிறிது சிறிதாகத் தெளிகின்றன. அப்படியும், கடையைக் கண்டாலோ பழைய கூட்டாளியைச் சந்தித்தாலோ ஆசை மீண்டும் தலைதூக்கும். வேலை முடிந்து திரும்பும் வழியில் கடை இல்லாதிருப்பது எத்துணை பெரிய உதவி என்பது இதனால் விளங்குகிறதன்றோ? சட்டத்தோடு துணையும் வேண்டும். 1935-இல் அமெரிக்காவில் குடியை விட்ட இருவர் ஒருவரையொருவர் தாங்கத் தொடங்கியதே இன்று உலகெங்கும் பரவியுள்ள 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம்.

1971-இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தது. அப்போது ராஜாஜிக்கு வயது தொண்ணூற்றிரண்டு. கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்துக்குச் சென்று, அதைக் கைவிடுமாறு வேண்டினார். அரசு தன் நிதி நிலையை எடுத்துரைத்தது. ஆகஸ்டு 30-இல் மதுவிலக்கு தளர்ந்தது, கடைகள் திறந்தன. அடுத்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, டிசம்பர் 25-இல், அம்முதியவர் கண்ணை மூடினார். 1974-இல் மூடப்பட்ட கடைகள் பின்னர் மீண்டும் திறந்தன, இன்றும் திறந்திருக்கின்றன.

அவர் தோற்றாரா? தம் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளிலும் பிறர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமென்று கவலைப்பட்ட ஒருவர் தோற்றவராகமாட்டார். குடியை விட முயலும் தந்தையோ தமையனோ நம் வீட்டில் இருந்தால், முதல் வாரத்து எரிச்சலைக் கண்டு வெறுக்காமல், ஏளனம் செய்யாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல அன்னையருக்குத் துணை நிற்போமாக. மூதறிஞருக்கு மாணவியராகிய நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.