பாதை போட்ட ஆளுநரும் பாதையோர ஊர்களும்

கண்டிக்குச் செல்லும் பஸ் கடுகண்ணாவ ஏற்றத்தில் அந்தக் கற்குகையை நெருங்கும் போதெல்லாம் எனக்கு ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் ஞாபகத்துக்கு வருவார். ஒரு பாதை யாருக்காகப் போடப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ள அவரது வாழ்க்கை நல்ல உதாரணம்.

வாட்டர்லூ போரில் காயமடைந்த இராணுவ அதிகாரி அவர். 1820இல் இலங்கையின் பதில் ஆளுநரானார். பின்னர் 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்தார். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயரின் கைக்கு வந்திருந்தாலும், 1817-18 கிளர்ச்சி அவர்களை உலுக்கிவிட்டிருந்தது. படைகளை விரைவாக மலைநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பாதை வேண்டும். இதுதான் பார்ன்ஸின் கணக்கு.

அதற்கு முன்னர் படைகள் ருவன்வெல்லை வழியாகச் சென்று பலன கணவாயில் ஏறின. புதிய பாதை கேகாலை, மாவனல்லை, கடுகண்ணாவ வழியாகச் சென்றது. இதனை அமைத்த பொறியியலாளர் கெப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவரது நினைவுக் கோபுரம் இன்றும் கடுகண்ணாவயில் நிற்கிறது. ஆனால் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் கல்லுடைத்த கிராமத்து மக்களுக்கு எந்த நினைவுச் சின்னமும் இல்லை. பார்ன்ஸ் நாட்டை விட்டுச் சென்ற பின்னரே, கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் அந்த முறை ஒழிக்கப்பட்டது.

பார்ன்ஸ் கன்னொறுவயில் சொந்தமாகக் கோப்பித் தோட்டமும் வைத்திருந்தார். படைக்காகப் போட்ட பாதையிலேயே பின்னர் கோப்பி மூட்டைகள் கொழும்புக்கு இறங்கின. அவர் 1838இல் காலமானார்.

பாதை விலகியதும் பலன ஒதுக்குப்புறமானது. பாதையோரத்தில் அமைந்த மாவனல்லை வர்த்தக நகராக வளர்ந்தது. அங்கு எமது சமூகத்தவர் பலரின் வாழ்வாதாரம் இந்தப் பாதையோரக் கடைகளில்தான் தங்கியிருக்கிறது.

இன்று மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம - குருநாகல் பகுதி திறக்கப்பட்டுவிட்டது. கண்டிக்கான கிளை பொத்துஹெரவிலிருந்து கலகெதர நோக்கித் திட்டமிடப்பட்டுள்ளது. கேகாலையும் மாவனல்லையும் அந்த வழியில் இல்லை. நான் அபிவிருத்தியை எதிர்க்கவில்லை. பார்ன்ஸின் காலத்தில் மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இன்று கேட்கச் செய்ய எமக்கு வாக்குரிமை இருக்கிறது. வாகனங்கள் குறைந்தால் இந்நகரங்களின் வியாபாரம் என்னவாகும், மாற்று ஏற்பாடு என்ன என்பதை எமது மக்கள் பிரதிநிதிகளும் வர்த்தகர் சங்கங்களும் வேலை முடியும் முன்னரே கேட்க வேண்டும். கொங்கிரீட் போட்ட பிறகு பாதையைத் திருப்ப முடியாது.