பாசியறிஞர் பார்த்தசாரதி ஐயங்கார்

கோடையிலே நம் மதுரைக் கண்மாய்களின் நீர் பச்சை பூத்துக் கிடப்பதைக் காண்போர் முகஞ்சுளித்து அப்பாற் செல்வர். படித்துறையில் வழுக்கி விழுந்து பாசியை வைதுவிட்டுப் போவாரும் உளர். அப்பாசியிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட பெரியார் ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவரே எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். நுண்பாசியினின்று மோட்டார் வண்டிக்கு எரிபொருள் எடுத்தல் கூடுமோ என்று அறிஞர் ஆராயும் இந்நாளில் அவர் வரலாறு நாம் அறியத்தக்கதாம்.

இவர் 1886-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். மாநிலக் கல்லூரியிற் பயின்று 1909-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அரசினர் காட்சிச்சாலையிலும், ஆசிரியர் கல்லூரியிலும், பின்னர்த் தாம் பயின்ற கல்லூரியிலும் பணியாற்றினார். நம்மூரினின்று இராமேசுவரம் செல்லும் இருப்புப்பாதையிற் பாம்பனை அடுத்துக் கடலிற் கிடப்பது குருசடைத் தீவு. அத்தீவின் தாவரங்களைக் குறித்து இவர் எழுதிய கட்டுரை 1927-இல் வெளிவந்தது.

1930-ஆம் ஆண்டளவில் லண்டன் சென்று, பாசிநூற் பேரறிஞர் பிரிட்சு என்பாரிடம் ஆராய்ச்சி செய்தார். 1932-இல் இவர் உலகிற்கு அறிவித்த ஒரு பாசிக்குத் தம் ஆசிரியர் பெயரையே சூட்டி, பிரிட்சியெல்லா என்றார். மழைநீர்க் குட்டை வற்றும்போது எஞ்சும் ஈரவண்டலில் வாழ்வது அது. ஒரு பகுதி மண்ணுட் கிழங்குபோற் பதிந்து கிடக்க, ஒரு பகுதி மேலே நிமிர்ந்து கிளைக்கும். நீர்வாழ் பாசி நிலத்துச் செடியாய் மாறிய வழி யாதென வினவுவோர்க்கு அது நல்லதொரு சான்றாயிற்று. பெருந்தோட்டங்களைத் தேடித் திரியாது, நாம் மிதித்துச் செல்லும் சேற்றிலே அதனைக் கண்டாரே, அதுவே எனக்கு வியப்பைத் தருகின்றது.

இவர் மிக விரும்பி ஆராய்ந்தது வால்வாக்கேலிசு என்னும் பசும்பாசி வகுப்பு. 1933-இல் தென்னாட்டு வால்வாக்கேலிசுகளைப் பற்றி விரிவாக எழுதினார். கிளாமிடோமோனாசு என்னும் ஓரணுப் பாசி அவ்வகுப்பினதே. அது வெயிலை உண்டு, தன்னுள்ளே மாப்பொருளைச் சேர்த்து வைக்கும். அயோடின் துளியிட்டால் நீலங்கலந்து கறுக்கும். அதன் சுவரை உடைத்து, மாப்பொருளைச் சருக்கரையாக்கி, ஈஸ்ட்டு இட்டுப் புளிக்கவைத்தால் எதனால் என்னும் எரிசாராயம் பிறக்கும். 100 கிராம் சருக்கரைக்கு 51 கிராமுக்கு மேற் கிட்டாது. ஐயங்காரவர்களின் ஆராய்ச்சி எரிபொருளை நாடியதன்று. எனினும் பாசிகளை இனம் பிரித்தறியாதார் எதனை வளர்ப்பர்?

2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எதனால் 20 விழுக்காடு கலக்கும் நிலை வந்தது. அது கரும்பு, மக்காச்சோளம், அரிசி முதலியவற்றினின்று வருவது. உண்ணும் அரிசியை வண்டிக்கு ஊற்றுதல் தகுமோ என்ற வினாவே பலரைப் பாசியின்பால் திருப்பிற்று. ஆயின் அதிலும் இடர் உண்டு. திறந்த குளத்தில் ஒரு லிட்டர் நீரிற் பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் குறைவாகவே பாசி விளையும். அதனை வடித்தெடுக்கச் செலவாகும் ஆற்றல் பெரிது. வைகை வறண்டு, ஏரிப்பாசனத்துக்கே நீர் காணாத நம் வயற்பரப்பிற் பாசிக்கென்று நன்னீர் விடுதல் அறிவுடைமையன்று. சாக்கடை நீரிலும் உவர்நீரிலும் வளரும் பாசியைத் தேடுதலே நமக்கேற்ற வழி என்பது என் கருத்து. அத்தேட்டத்திற்கு ஐயங்காரவர்கள் போலச் சேற்றில் இறங்குவார் வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராய் அமர்ந்து மாணாக்கர் பலரை உருவாக்கினார். அவருள் ஒருவரான டி. வி. தேசிகாச்சாரி நீலப்பசும்பாசிகளைப் பற்றி 1959-இல் வெளியிட்ட பெருநூல் இன்றும் ஆய்வாளர் கையில் உள்ளது. இந்தியப் பாசியியற் கழகத்தின் முதற் றலைவரும் ஐயங்காரவர்களே. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், 77 ஆண்டு நிறைவதற்கு ஐந்து நாள் இருக்கையில், இவ்வுலக வாழ்வை நீத்தார்.