பாலையிற் கரைந்த பாறையும் அதன்மேல் நடந்த ஏயரும்

தமிழ் மரபிலே பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழைவளம் குன்றித் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை எனப்படும். இதனை வகுப்பிற் கற்பிக்குந்தோறும் யான் எண்ணிப் பார்ப்பது தென் அவுஸ்திரேலியாவின் நலாபோர் வெளியையும், அதன் கடலோரமாக உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு நடந்த எட்வேட் ஜோன் ஏயர் என்னும் ஆங்கிலேயரையும் ஆகும்.

ஏயர் 1815 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 ஆந் திகதி இங்கிலாந்திலே ஒரு கிறித்தவ குருவானவரின் மகனாகப் பிறந்தார். 1833 இல், பதினேழு வயதினராய் அவுஸ்திரேலியாவை அடைந்து கால்நடை வளர்க்கலானார். 1838 இல் மந்தைகளைத் தரைவழியே அடிலெயிட் நகருக்கு ஓட்டிச்சென்று பெயர் பெற்றார். 1840 யூன் 18 இல் கண்டத்தின் நடுப்பகுதியைக் காண விரும்பி வடக்கே புறப்பட்டார். உவர் ஏரிகள் வழிமறிக்கவே மேற்கு நோக்கித் திரும்பினார். 1841 பெப்ரவரி 25 இல் பௌலர் குடாவை விட்டு நீங்கி, 1,300 கிலோ மீற்றருக்கு அப்பாலுள்ள அல்பனியை நோக்கி நடக்கத் தொடங்கினார். மேற்பார்வையாளர் ஜோன் பக்ஸ்ரர், வைலி என்னும் முதுகுடி இளைஞர், வேறு இரு முதுகுடி இளைஞர் ஆகியோர் உடன் சென்றனர்.

அவர்கள் புகுந்த நிலம் எத்தகையது? நலாபோர் ஏறக்குறைய 200,000 சதுர கிலோ மீற்றர் பரந்த சுண்ணாம்புக்கல் வெளி. மரமின்மை என்னும் பொருள்பட இலத்தீன் மொழியால் அமைந்த இப்பெயர், ஏயர் சென்றபின் 1860களில் இடப்பட்டதாகும். கடலடியிற் சிப்பிகளும் நுண்ணுயிர்க் கூடுகளும் படிந்து இறுகிய அப்பாறை, மயோசீன் காலத்திலே, ஏறக்குறைய 140 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், கடலினின்றும் மேலெழுந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மென்மையான காபோனிக்கமிலமாகின்றது. அவ்வமிலம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களிற் புகுந்து, அவற்றைக் கரைத்துக் குழியும் சுரங்கமும் குகையும் ஆக்குகின்றது. இத்தகைய நிலத்தோற்றத்தைக் கார்ஸ்ற் என்பர்.

கார்ஸ்ற் நிலத்திலே நீர் மேலே தங்குவதில்லை. நலாபோர் வெளியில் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. உட்பகுதியில் ஆண்டொன்றுக்கு 150 முதல் 250 மில்லிமீற்றர் வரையே மழை பெய்யும். அதிலே வெயில் உண்டது போக எஞ்சியது வெடிப்புக்களின் வழியே கீழிறங்கி மறையும். ஆழத்திற் கிடக்கும் நீரும் பெரும்பாலும் உவர்நீரே. ஆதலின் ஏயர் பட்ட விடாய்க்கு ஞாயிற்றின் வெம்மையோடு அவர் மிதித்து நடந்த கல்லும் காரணமாயிற்று எனல் பொருந்தும்.

யாழ்ப்பாணத்தார்க்கு இஃது எளிதில் விளங்கும். நம் குடாநாடும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லால் ஆயது. இங்கும் வற்றாத ஆறு இல்லை. ஆயினும் மாரி மழை நிலத்துட் சென்று, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நம் கிணறுகளை ஊட்டுகின்றது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலைப் பலரும் அறிவர். மழை அருகிய நலாபோர் ஓரத்திலோ அத்தகைய நன்னீர் கடற்கரை மணற்குன்றுகளின் அடியிலேதான், அதுவும் சிற்சில இடங்களிலேதான், தங்கியிருந்தது. எங்கே மணலைத் தோண்டினால் நீர் ஊறும் என்பதை அந்நிலத்து முதுகுடி மக்கள் அறிந்திருந்தனர். ஏயருக்கு அதனைக் காட்டியவரும் அவரே. மரவேரைத் தோண்டி நீர் வடிக்கும் முறையும் அம்மக்களுடையதே. இவையும் உதவாதபோது ஏயர் வைகறைப் பனியைக் கடற்பஞ்சினால் ஒற்றிப் பிழிந்து நாவை நனைத்தார்.

1841 ஏப்ரல் 29 ஆந் திகதி இரவு, ஏயர் குதிரைகளைக் காவல் செய்துகொண்டிருந்த வேளையில், இளைஞர் இருவர் பக்ஸ்ரரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, உணவையும் துப்பாக்கிகளையும் கவர்ந்துகொண்டு நீங்கினர். நண்பனைப் புதைக்க ஏயர் விரும்பினார். மைற்கணக்காக உடைவின்றி விரிந்துகிடந்த கற்றளம் ஒரு குழிக்கும் இடந்தரவில்லை. உடலைக் கம்பளியிற் சுற்றி அங்கேயே விட்டுப் போதல் அன்றி வேறு வழி அவருக்கு இல்லை. அதன்பின் எஞ்சிய துணை வைலி ஒருவரே. சென்ற இருவரும் தொலைவில் நின்று வைலியைக் கூவி அழைத்தனர், அவர் போகவில்லை. நீரின்றி ஏறக்குறைய ஏழு நாள் கழிந்தபின் மணற்குன்றொன்றில் இருவரும் நீர் கண்டனர். யூன் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் எதிர்ப்பட்டது. அதில் இரு கிழமையளவு இளைப்பாறி, மீண்டும் நடந்து, யூலை 7 இல் அல்பனியை அடைந்தனர்.

அவர்கள் கடந்த வெளியின் கீழே பெருங்குகைகள் உள்ளன. கொக்கிள்பிடி என்னும் குகையிலே நீர் நிறைந்த சுரங்கம் ஆறு கிலோ மீற்றருக்கு மேல் நீள்கின்றது. கூனல்டா குகையிலே முதுகுடி மக்கள் ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் தீக்கல் அகழ்ந்திருக்கின்றனர். இக்குகைகள் இன்றைய சிறுமழையால் ஆயினவல்ல. குகைகளிற் படிந்த கற்படிவுகளையும் அவற்றுள் அகப்பட்ட மகரந்தத்தையும் ஆராய்ந்து 2016 இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறக்குறைய 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இன்றையினும் இரண்டு முதல் நான்கு மடங்கு மழை பெய்தது, மரங்களும் தழைத்திருந்தன. பின்னர் வறட்சி மிகுந்தது. கரைத்தல் பெரிதும் அடங்க, உப்பு அத்தொழிலை மேற்கொண்டது. கல்லின் நுண்டுளைகளிற் புகுந்த உவர்நீர் உலர, உப்புப் பளிங்கு வளர்ந்து கல்லை மணிமணியாக உதிர்க்கின்றது. கூரைகள் சரிந்து பெருங்குழிகள் தோன்றுகின்றன. அறுத்தோட ஆறின்மையால் வெளியின் மேற்றளம் மட்டும் தட்டையாகவே கிடக்கின்றது. பாலையின் கார்ஸ்ற் பெரும்பாலும் பழைய மழை விட்டுச்சென்ற முதுசொம் எனலாம்.

ஏயரின் பிற்கால வாழ்வைக் கூறாதுவிடின் இச்சரிதம் நிறைவுறாது. 1841 முதல் 1844 வரை முறே ஆற்றங்கரையில் முதுகுடி மக்களுக்கும் குடியேறியோர்க்கும் இடையே அமைதி காத்தார். 1843 இல் அரச புவியியற் சங்கத்தின் பொற்பதக்கம் பெற்றார். 1845 இல் வெளியிட்ட தம் பயண நூலில் அம்மக்களுக்காகப் பரிந்தும் எழுதினார். அத்தகையவரே 1864 இல் யமேக்காவின் தேசாதிபதியானார். 1865 ஒக்டோபரில் மொறன்ற் குடாவிலே கறுப்பின ஏழை மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர் பிறப்பித்த இராணுவச் சட்டத்தின்கீழ் 439 பேர் மாண்டனர்; 600 பேர்வரை கசையடி பட்டனர்; ஆயிரம் வீடுகள் எரிந்தன. சட்டசபை உறுப்பினர் ஜோர்ஜ் வில்லியம் கோர்டன், அச்சட்டம் இல்லாத கிங்ஸ்ரனிலே கைதாகி, அது நிலவிய இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். ஏயர் பதவி இழந்தார். அவரை வழக்கிலேற்ற வேண்டும் என ஜோன் ஸ்ருவேட் மில் முயன்றார். கார்லைல் அவர் பக்கம் நின்றார். தண்டனை எதுவுமின்றி 1901 நவம்பர் 30 இல் ஏயர் இறந்தார்.

நிலம் திரிந்தமைக்கு மழை குன்றியதைக் காரணங் காட்டுகின்றோம். மனிதர் திரிந்தமைக்கு அத்துணை எளிதிற் காரணங் காட்டல் இயலாது. வைலியோடு பாலையில் நடந்தபோது ஏயர் ஒரு முகத்தைக் கண்டு வாழ்ந்தார். யமேக்காவிலே ஆணையிட்டபோது அவர் கண்டது அச்சமூட்டும் ஒரு கூட்டத்தை மட்டுமே. என் சிற்றறிவுக்கு எட்டிய விளக்கம் இதுவாகும். அவர் பெயர் தாங்கிய பெரும் உவர் ஏரிக்கு, 2012 முதல் கட்டி தண்டா என்னும் முதுகுடிப் பெயரும் சேர்த்து வழங்கப்படுகின்றது. தேசப்படத்தில் அவ்வேரியைச் சுட்டிக் கற்பிக்கும் ஆசிரியர், வைலியின் பெயரையும் கோர்டனின் பெயரையும் மாணாக்கர்க்குச் சொல்லிவைத்தல் நன்று.