கருப்பட்டி நாட்டில் கால்டுவெல் ஐயர்

சத்திரம் பேருந்து நிலையத்தை அடுத்த கடைகளில் கருப்பட்டிக் காப்பி அருந்தி வகுப்பிற்கு விரைவார் நம்மில் பலர். அக்கருப்பட்டி பெரும்பாலும் தென்பாண்டிச் செம்மணலில் விளைவது என்பதைச் சிலரே அறிவர். அம்மணற்பாங்கில் இடையன்குடி என்றொரு சிற்றூர் உளது. தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய நாம் நாள்தோறும் பெயர் கூறும் கால்டுவெல் ஐயர், ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்தது அவ்வூரிலேயே. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் கண்டவர் என்று போற்றும் நாம், அவர் பனைவெல்லம் காய்ச்சும் மக்களிடையே வாழ்ந்தவர் என்பதை மறந்துவிடுகின்றோம். ஆதலின் அவ்வூரோடு சேர்த்தே அவர் வரலாற்றை ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

இராபர்ட் கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்தில் ஸ்காட்லாந்து நாட்டுப் பெற்றோர்க்குப் பிறந்தார். கிளாஸ்கோப் பல்கலைக் கழகத்திற் பயின்று, கிரேக்க மொழி ஆசிரியரொருவர் விரிவுரையால் மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் வேட்கை கொண்டார். இலண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியராய் 1838-ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் சென்னையை அடைந்தார். மூன்றாண்டு ஆங்கிருந்து தமிழ் கற்றபின், எஸ்.பி.ஜி. சங்கத்தைச் சார்ந்து, 1841-இல் திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டார். புறப்பட்டவர் பல்லக்கிற் சென்றிலர்; கால்நடையாகவே சென்றார். மக்களை அவர்தம் ஊர்களிற் கண்டறிதல் வேண்டும் என்பதே அவர் கருத்து. தரங்கம்பாடி, தஞ்சை முதலிய ஊர்களைக் கண்டு, நம் திருச்சிராப்பள்ளி வழியே மேற்சென்று, நீலகிரியிற் குருப்பட்டம் பெற்று, மதுரையைக் கடந்து அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை எய்தினார். துரைமார் நடந்து செல்லுதல் தம் மதிப்பிற்கு இழுக்கென்று கருதிய காலம் அது என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அவர் கண்ட ஊர் எத்தகையது? எங்கும் மணல், மணலெங்கும் பனை. மாசி முதல் ஆடி வரையிற் பதநீர்ப் பருவம். பருவம் வந்ததும் குடும்பத்தார் மரங்களின் அடியிலேயே விடிலி என்னும் குடிலமைத்துத் தங்குவர். ஆடவர் விடியுமுன்னே முருக்குத்தடியும் அரிவாட்பெட்டியும் கொண்டு, காலில் தளைநார் பூட்டி, நாற்பது ஐம்பது மரம் ஏறுவர். பாளையின் நுனியைச் சீவிக் கலயத்தை மாற்றிக் கட்டுவர். மாலையில் மீண்டும் ஏறுவர். கலயத்தின் உட்புறத்தே சுண்ணாம்பு தடவினால் ஊறல் புளியாது பதநீராகும், தடவாவிடிற் கள்ளாகும். ஒரு விரற்கடைச் சுண்ணாம்பே குடிகெடுப்பதற்கும் குடி காப்பதற்கும் இடைநின்றது! மகளிர் பனையோலையும் சுள்ளியும் எரித்துப் பதநீரைக் காய்ச்சுவர். பாகு கூப்பனியாய் இறுகிப் பதம் வந்ததும் சிரட்டைகளில் வார்ப்பர். ஆறியபின் கவிழ்த்தாற் கருப்பட்டி. பாகை இறுக விடாது கலத்திலிட்டு, உள்ளே நூல் தொங்கவிட்டுப் பல நாள் அசையாது வைத்தாற் பனங்கற்கண்டு விளையும். கால் வழுவி வீழ்ந்து மாண்டவரும் முடமானவரும் ஊர்தோறும் உண்டு. உழைத்தவர் பெரும்பாலும் நாடார் குலத்தவர். முன்பணம் கொடுத்த வணிகர்க்கு விளைவின் பெரும்பகுதி சென்றுவிடும்.

கற்கண்டு என்றவுடன் ஒன்று கூறத் தோன்றுகின்றது. ஆங்கிலர் மிட்டாயைக் கேண்டி என்பர். அச்சொல் வடமொழிக் கண்டம் என்பதினின்று பாரசீகம், அரபு ஆகியவற்றின் வழியே ஐரோப்பா சென்றது. அவ்வடசொல்லுக்கே திராவிட மூலம் இருத்தல் கூடும் என்று கருதும் அறிஞரும் உளர். மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லைத் தமிழ்த் தோகையோடு ஒப்பிட்டு மகிழ்ந்த ஐயர், நூல் தொங்கிய கலத்தைக் கண்டு இதனையும் எண்ணியிருப்பாரோ என்று நாம் வியப்பதுண்டு.

ஐயர் முதலிற் செய்த பணி ஊரைத் திருத்தியது. நிலம் விலைக்கு வாங்கி, தெருக்களை நேராக வகுத்து, கிணறு தோண்டுவித்து, நிழல் மரங்கள் நடுவித்தார். அமெரிக்காவிற் பென்சில்வேனியா மாகாணத்தில் மில்டன் ஹெர்ஷி என்பார் 1903-இல் சாக்கொலேட்டுத் தொழிற்சாலை தொடங்கி, அதனைச் சுற்றித் தெருவும் வீடும் பள்ளியும் அமைத்துத் தம் பெயராலேயே ஒரு மிட்டாய் ஊர் கண்டார் என்று படிக்கின்றோம். அதற்கு அறுபதாண்டுகட்கு முன்னரே நம் நாட்டுப் பனங்காட்டில் இஃது நிகழ்ந்தது. ஆங்கு முதலாளி ஊரைப் படைத்தார். ஈங்கோ தொழில் முன்னரே இருந்தது, ஊரே சீர்பெற்றது. ஐயர் 1844-இல் மணந்த எலிசா அம்மையார் நாகர்கோயில் மால்ட் ஐயரின் மகளார். தமிழை நன்கு பேசியவர். அவர் பெண்களுக்கு விடுதிப்பள்ளி நிறுவிப் பின்னல் வேலையும் கற்பித்தார். ஆண்டிற் பாதியே நடைபெறும் பனைத்தொழிலை நம்பிய இல்லங்களில் பெண்மக்கள் கையில் தனிக்காசு புழங்கியது இதனாலேயாம். கணவர் இலக்கணத்தைப் புகழ்வார் இப்பணியையும் புகழ்தல் முறை என்பது எம் கருத்து.

இனி, மறைத்தற்கியலாத ஒன்றைக் கூறவேண்டும். 1849-இல் ஐயர் தம் ஊர் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மேல்நாட்டாரிடம் மிஷனுக்கு ஆதரவு தேடும் நோக்கமும் அதன்கண் உண்டு. பனையேறும் முறையையும் பதநீர்ப் பயனையும் கூர்ந்து நோக்கி எழுதியவர், அம்மக்கள் அறிவிற் குறைந்தவர் என்றும், இலங்கையினின்று குடியேறியவர் என்றும் எழுதிவிட்டார். எழுதிய காலத்தில் அதனைப் படிக்க வல்லார் அவ்வூரில் இலர். ஆனால் அவர் போன்றார் நிறுவிய பள்ளிகளிலேயே பயின்ற மைந்தர் பின்னர் அதனைப் படித்தனர்! சினந்தனர், மறுப்பு நூல்களும் முறையீடுகளும் எழுந்தன. அச்சினம் முற்றிலும் நேரியது. அன்பினாற் பணி செய்தார் என்பது அவ்வெழுத்தை நேராக்காது. அவ்வெழுத்துண்மையால் அவர் தோண்டிய கிணறு தூர்ந்துவிடவும் இல்லை. அவரைப் போற்றும் கூட்டங்களில் இந்நூலைச் சொல்லாது விடுகின்றனர்; அவரை இகழ்வார் இதனையன்றிப் பிறிதொன்றும் சொல்கின்றிலர். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல.

ஒப்பிலக்கணம் 1856-இல் இலண்டனில் வெளிவந்தது. தமிழ் வடமொழியின் கிளையன்று, தனிக்குடும்பத்தைச் சார்ந்தது என்பதைச் சான்றுகளால் விரித்து நிறுவிய அப்பெருநூலை நாம் வகுப்பிற் கற்பதால் ஈண்டு விரித்திலம். 1877-இல் அவர் அத்தியட்சராயினார். பெரும்பஞ்சம் தென்னாட்டை வாட்டிய காலம் அது. திருநெல்வேலிச் சரித்திரம் 1881-இல் வெளிவந்தது. இடையன்குடியில் 1847-இல் தொடங்கிய தூய திரித்துவ ஆலயம் 1880-ஆம் ஆண்டு சூலைத் திங்களிலேயே பிரதிட்டை செய்யப்பெற்றது. முப்பத்து மூன்றாண்டுகள்! மரமேறுவாரிடம் பணம் குவிந்திருக்குமோ? கிடைத்த போது கிடைத்ததைக் கொண்டு சிறிது சிறிதாக எழுப்பிய ஆலயம் அது.

1891-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஓய்வு பெற்றுக் கோடைக்கானல் சென்ற ஐயர், அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் ஆங்கே இறைவனடி சேர்ந்தார். உடலை மலையினின்று இறக்கி, நெடுவழி கொண்டு சென்று, இடையன்குடி ஆலயத்தினுள்ளே அடக்கம் செய்தனர். எட்டாண்டு கழித்து எலிசா அம்மையாரும் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.