தோளில் புத்தகம் சுமந்த ஆசிரியர்

மாணவர்களே, மாடு அணைதலைச் சொல்லும் 'வாடிவாசல்' குறுநாவலை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். அதை எழுதியவர் சி. சு. செல்லப்பா. ஆனால், அவர் நடத்திய சிற்றிதழ்தான் என்னை அதிகம் கவர்ந்தது.

தமிழ்நாட்டின் வத்தலகுண்டைச் சேர்ந்த செல்லப்பா 1912-இல் பிறந்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 'மணிக்கொடி' இதழில் சிறுகதைகள் எழுதினார். பிற்காலத்தில், பெரிய வார இதழ்களில் தொடர்கதைகளே கோலோச்சின. புதிய முயற்சிகளுக்கும் கறாரான விமர்சனத்துக்கும் அங்கே இடமில்லை என்று அவர் வருந்தினார்.

வருந்தியதோடு நிற்கவில்லை. 1959 ஜனவரியில், தம் 46-ஆம் வயதில், 'எழுத்து' என்ற மாத இதழைத் தொடங்கினார். அதைக் கடைகளில் வாங்க முடியாது. சந்தா கட்டுவோருக்கு மட்டுமே அனுப்புவார். 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்றும் முடிவு செய்திருந்தார். சந்தாதாரர்கள் அந்த எண்ணிக்கையை எட்டவேயில்லை.

பத்து காஜா வட்டாரத் தோட்டம் ஒன்றில் என் தந்தையும் நண்பர்களும் கையெழுத்து ஏடு நடத்தினார்கள். ஒரே பிரதிதான், வீடு வீடாகச் சுற்றி வரும். வாசித்தவர் அடுத்த ஏட்டில் எழுதுவார். 'எழுத்து' இதழும் ஏறத்தாழ அப்படித்தான் வளர்ந்தது. திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதினார். அப்போது அவருக்கு வயது சுமார் இருபது. பின்னாளில் பிரமிள் என்று புகழ்பெற்றவர் அவரே. வெங்கட் சாமிநாதன் அதில் விமர்சகராக வளர்ந்தார். சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதினார். 1962-இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்து 'புதுக்குரல்கள்' நூலைச் செல்லப்பா வெளியிட்டார். இன்று நீங்கள் படிக்கும் புதுக்கவிதைக்கு வலுவான அடித்தளம் அங்கேதான் அமைந்தது.

அதற்கான விலையை அவரே கொடுத்தார். தாம் பதிப்பித்த நூல்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். குடும்பம் வறுமையைத் தாங்கியது. 119 இதழ்களுக்குப் பின், 1970-இல் 'எழுத்து' நின்றது. 1998-இல் அவர் மறைந்தார். 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது 2001-இல்தான் வந்தது.

வணிகக் கணக்கில் அவர் தோற்றவர். அந்த இதழ் வந்திராவிட்டால் எத்தனை இளைஞர்கள் எழுதாமலே போயிருப்பார்கள் என்றுதான் நான் எண்ணிப் பார்க்கிறேன். உங்கள் வகுப்பிலும் எழுத ஆசைப்படும் நாலு பேர் இருப்பார்கள். நகலெடுக்கும் கடையும் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் இதழை அடுத்த மாதமே கொண்டுவரலாமே!