சீமாட்டியின் சீற்றம்

அடிக்கும் கணவனிடமிருந்து மனைவியைக் காப்பது எப்படி? பஞ்சாயத்து வைப்பர், புத்தி சொல்வர், கற்பூரம் கொளுத்திச் சத்தியமும் வாங்குவர் நம் ஊர்ப் பெரியவர்கள். பிறகு? அதே வீட்டுக்கு, அதே கைகளிடம் அவளைத் திருப்பி அனுப்புவர்! கல்லானாலும் கணவனாம்! இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. நாகரிகத்தின் நாற்றங்கால் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்ட இங்கிலாந்திலே, மாளிகையிலே வாழ்ந்து அடிபட்ட மாது ஒருவர் உண்டு. காரோலின் நார்ட்டன் என்பது அவர் பெயர்.

1808இல் லண்டனில் பிறந்தவர். நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி. அழகு இருந்தது, அறிவு இருந்தது, கவி புனையும் ஆற்றல் இருந்தது. சீர் கொடுக்கத்தான் பணமில்லை. 1827இல் ஜார்ஜ் நார்ட்டனுக்கு வாழ்க்கைப்பட்டார். வழக்கறிஞன், பார்லிமெண்டு உறுப்பினன், பிரபுவின் தம்பி. ஊர் மெச்சும் மாப்பிள்ளை! அந்த மாப்பிள்ளை, மணமான சில மாதங்களிலேயே மனைவியை உதைத்தான். ஒருநாள் சூடான கெண்டியைத் தூக்கி அவர் கைமீது வைத்தான்; பேனா பிடித்துக் குடும்பத்துக்குப் பொருள் ஈட்டிய கை அது! 1835இல், கருவுற்றிருந்தவரை அடித்தான், கரு கலைந்தது.

பிறந்தகத்தாரிடம் ஓடினார் காரோலின். கெஞ்சினான் கணவன்; இரங்கித் திரும்பினார். அங்கேதான் காத்திருந்தது சட்டத்தின் கண்ணி! திரும்பி வந்துவிட்டால் முன்பு பட்ட அடிகளையெல்லாம் மன்னித்துவிட்டதாகப் பொருள். பிறகு அவற்றைக் காட்டி விடுதலை கேட்க முடியாது. சமாதானம் பேசி அனுப்பும் பெரியவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

1836இல் மூன்று ஆண் குழந்தைகளையும் அவன் பிரித்துக்கொண்டு போனான். அன்றைய பிரதமர் மெல்போர்னுடன் மனைவியை இணைத்து, பத்தாயிரம் பவுன் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தான். ஜூரிகள் எழுந்து போய்க் கலந்து பேசவும் இல்லை, வழக்கைத் தள்ளினர். வென்றும் காரோலினுக்குக் குழந்தைகள் கிடைக்கவில்லை. குழந்தை தந்தையின் உடைமை என்றது சட்டம்.

சீறி எழுந்தது பேனா! துண்டு நூல்கள் எழுதினார்; பார்லிமெண்டு உறுப்பினர்களின் கதவைத் தட்டினார். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளத் தாய் மனுச் செய்யலாம் என்று 1839இல் சட்டம் வந்தது. நார்ட்டனோ பிள்ளைகளை அந்தச் சட்டம் எட்டாத ஸ்காட்லாந்தில் வைத்திருந்தான். 1842இல் கடைசி மகன் குதிரையிலிருந்து விழுந்து மாண்டான். தாய் போய்ச் சேர்ந்தபோது உயிரில்லை.

1853இல் மற்றொரு வழக்கு. தருவதாக எழுதிக்கொடுத்த ஜீவனாம்சம் செல்லாது, கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள், தன்னோடு தானே ஒப்பந்தம் செய்ய முடியாது என்றானது! அவர் எழுதிச் சம்பாதித்த பணமும் அவனுக்கே உரியது! 1855இல் விக்டோரியா அரசிக்கே கடிதமாக ஒரு நூல் எழுதினார் காரோலின். கைவிடப்பட்ட மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே என்ற விதி 1857ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏறியது. ஆனால் அதே சட்டத்தில், கொடுமை மட்டும் மணவிலக்குக்குப் போதாது. கணவன் பிறன்மனை நாடியவனாகவும் இருக்க வேண்டும்!

ஆணும் பெண்ணும் சமம் என்ற கொள்கையை அவர் ஏற்கவில்லை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பட்ட அடி அவரைக் கொள்கையையும் தாண்டி இழுத்துச் சென்றது.

மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே என்ற சட்டம் 1874இல் இந்தியாவுக்கும் வந்தது. இந்து, முஸ்லிம் பெண்களுக்குப் பொருந்தாது என்ற பிரிவோடு! பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்கச் செங்கற்பட்டிலே 1929இல் சுயமரியாதை மாநாடு கூடவேண்டியிருந்தது. 1989இல் கலைஞர் ஆட்சி வரவேண்டியிருந்தது.

காரோலின் 1877இல் மறைந்தார். மறு ஆண்டு, பிரான்சஸ் பவர் காப் என்ற மாதின் கிளர்ச்சியால் இன்னொரு சட்டம் பிறந்தது. கடுமையாகத் தாக்கித் தண்டனை பெற்றவனோடு மனைவி இனி வாழ வேண்டியதில்லை. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அவளிடம் இருக்கலாம். வாரந்தோறும் அவன் பணம் கட்ட வேண்டும். இத்தனைக்கும் பெரிய மன்றங்களுக்கு அலைய வேண்டாம். உள்ளூர் மாஜிஸ்திரேட்டே உத்தரவிடலாம்.